கன்னியர் மடத்தில் பண்டிதை ரமாபாய்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து சென்று, அயல்நாட்டுக் கன்னியர் மடம் ஒன்றில் தங்கிப் பயின்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்க விரும்புகிறோம். அவர்தாம் பண்டிதை ரமாபாய் அம்மையார்.

பிறப்பால் அவர் சித்பாவனப் பிராமணர். ஒடுக்கப்பட்ட மக்களின் மலரில் அவருக்கு இடம் ஏன் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. சாத்திரங்களை மூலமொழியிலேயே கற்று, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அவை இழைத்த அநீதியை உலகறியச் சொன்னவர் அவர். அதற்காகத் தம் சாதியாரின் பகையையும் ஏற்றார். அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுள் பலர் பிறர் நடத்தும் பள்ளியிலும் பிறர் நடத்தும் விடுதியிலும் தங்கிப் படித்தே முன்னேறியவர்கள். உதவி பெறும் இடத்தில் எதைக் கற்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்னும் வினா நம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய வினா. அதற்கு விடை தருவது இவ்வம்மையாரின் வாழ்வு.

இளமையும் வறுமையும்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தார். அவ்விடம் இன்று கருநாடக மாநிலத்தில் உள்ளது. தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே வடமொழி வல்லுநர். பெண்கள் வடமொழி கற்றல் தகாது என்று வைதிகர் விதித்திருந்த அக்காலத்தில், அவர் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்பித்தார். அதனால் எழுந்த பழிப்புக்கு அஞ்சாது காட்டிலே வீடமைத்து வாழ்ந்தார். பின்னர் அத்தாயே மகளுக்கு ஆசிரியை ஆனார். சிறுமியாய் இருக்கும்போதே பாகவதத்தின் பல்லாயிரம் சுலோகங்கள் ரமாபாய்க்கு மனப்பாடம்.

செல்வம் கரைந்தது. குடும்பம் ஊர் ஊராகச் சென்று, கோயில்களில் புராணம் படித்து, கிடைத்ததை உண்டு வாழும் நிலைக்கு வந்தது. 1870களில் தென்னாட்டில் பஞ்சம் வந்தபோது கையிருப்பு அனைத்தும் தீர்ந்தது. உடல் உழைப்பு எதுவும் பயிலாத அக்குடும்பம் இலைகளைத் தின்று காட்டில் கிடந்தது. தந்தையார் இறந்தார், சில வாரங்களில் தாயும் இறந்தார். தாயின் பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. நான்காம் ஆளாக ரமாபாயே நின்று, உயரம் போதாமையால் பாடையைத் தலையில் தாங்கிச் சென்றார். மூத்த சகோதரியும் மறைந்தார். எஞ்சியவர் இருவர்: ரமாபாயும் அண்ணன் சீனிவாசரும்.

இருவரும் கால்நடையாகக் காஷ்மீரம் வரை சென்றனர். ஜீலம் ஆற்றங்கரையில் கடுங்குளிர் தாங்காது மணலில் குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய மணலால் உடலை மூடிப் படுத்தனர். நோன்பும் தானமும் புண்ணியத் தலங்களும் தம்மைக் காக்கவில்லை என்னும் எண்ணம் அப்போதே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

கல்கத்தாவும் புனேயும்

1878இல் இருவரும் கல்கத்தா சேர்ந்தனர். அங்குள்ள பண்டிதர்கள் அவரைச் சோதித்துப் பார்த்து வியந்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டமளித்தனர். பட்டம் அளித்த நாட்டில் அவர் கண்ட காட்சியோ வேறு. தரும சாத்திரங்களை ஆழ்ந்து படித்தபோது, அவை பல பொருள்களில் ஒன்றுக்கொன்று முரண்படினும், பெண்கள் இழிந்தவர் என்பதிலும், சூத்திரருக்கும் பெண்களுக்கும் வேதத்தில் உரிமை இல்லை என்பதிலும் மட்டும் ஒத்துப் போவதைக் கண்டார். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேன் அவர் கையில் வேத நூலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அன்றுவரை அவ்வளவு கற்றவருக்கும் அது மறுக்கப்பட்ட நூலே.

1880இல் அண்ணனும் மறைந்தார். அவ்வாண்டிலேயே ரமாபாய், சூத்திரர் எனக் கருதப்பட்ட வகுப்பில் பிறந்த விபின் பிகாரி தாஸ் மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிராமணப் பெண் ஒருத்தி தாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட சாதியில் மணம் செய்வது அந்நாளில் எத்தகைய துணிவு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1881இல் மனோரமா என்னும் பெண் மகவு பிறந்தது. 1882இல் கணவர் வாந்திபேதியால் இறந்தார். இருபத்து மூன்றாம் வயதில் கைக்குழந்தையுடன் ரமாபாய் கைம்பெண் ஆனார்.

அவ்வாண்டே அவர் புனே சென்று ஆரிய மகிளா சமாஜம் என்னும் பெண்கள் சங்கத்தை நிறுவினார். அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின்முன் சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் ஆய்வாளரும் பெண் மருத்துவரும் வேண்டும் என்று வற்புறுத்தினார். தாமே மருத்துவம் கற்க வேண்டும் என்னும் ஆர்வம் எழுந்தது. அதற்கு வழி இங்கிலாந்தில் இருந்தது.

வாண்டேஜ் மடத்தில் ஒரு கோடை

இங்கிலாந்தில் பெர்க்ஷயர் கோட்டத்தில், இப்போது ஆக்ஸ்போர்டுஷயரைச் சேர்ந்த வாண்டேஜ் என்னும் சிற்றூரில், புனித மரியன்னை கன்னியர் சபை இருந்தது. 1848இல் அவ்வூர்ப் பங்குக் குரு பட்லர் அதனை நிறுவினார். அச்சபையார் போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்ட கத்தோலிக்கர் அல்லர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆயினும் கத்தோலிக்கக் கன்னியரைப் போலவே துறவுடை அணிந்து, வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வாக்குறுதிகளை ஏற்று, மணியோசைக்கு எழுந்து வேளைதோறும் செபித்து வாழ்ந்தனர். பெண்களுக்குப் பள்ளி நடத்தினர். வழி தவறியவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களுக்கு இல்லங்கள் நடத்தினர். புனேயிலும் அவர்கள் பணியாற்றினர். அங்கு ஏற்பட்ட பழக்கமே ரமாபாய்க்குக் கப்பலேறும் வழியைத் திறந்தது.

1883 ஏப்ரலில் அவர் பம்பாயிலிருந்து புறப்பட்டார். பயணச் செலவுக்குத் தாம் மராட்டியில் எழுதிய ஸ்திரீ தர்ம நீதி என்னும் நூலின் வருவாய் உதவிற்று. மடத்தில் இலவசமாக உண்டு உறங்க அவர் ஒப்பவில்லை. இந்தியாவுக்குப் பணி செய்ய வரவிருந்த கன்னியருக்கு மராட்டி கற்பிப்பது, அதற்கு ஈடாக உறைவிடமும் ஆங்கிலக் கல்வியும் பெறுவது என்பது ஏற்பாடு. மாணவியாய்ச் சென்ற இடத்திலும் ஆசிரியையாய் நின்றார். இதை நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும். மதம் மாறும் எண்ணம் தமக்கு இல்லை என்பதையும் அவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார்.

மே மாதத்தில் வாண்டேஜ் சேர்ந்த அவருக்கு வயது இருபத்தைந்து. உடன் இரண்டு வயது மனோரமாவும், ஆனந்திபாய் பகத் என்னும் தோழியும் இருந்தனர். ரமாபாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜெரால்டின் என்னும் கன்னியருக்கு வாய்த்தது. குழந்தை அக்கன்னியரை ஆஜிபாய், அதாவது பாட்டி, என்றே பின்னாளில் அழைத்தது.

அக்கோடை இன்பமாக மட்டும் கழியவில்லை. காது சரியாகக் கேளாமை கண்டறியப்பட்டதால், மருத்துவக் கல்வி என்னும் கனவு கலைந்தது. அயல்நாட்டுத் தனிமையில் மனம் கலங்கிய ஆனந்திபாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வந்த நோக்கம் கைகூடவில்லை. வந்த துணையும் போயிற்று. மற்றொருவராயின் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார். ரமாபாய் நின்றார்.

புல்ஹாமில் கண்டது

அந்நிலையில் கன்னியர் அவரை இலண்டனில் புல்ஹாம் பகுதியிலிருந்த தங்கள் இல்லத்துக்குச் சில நாள் அனுப்பினர். வழி தவறிப் போன பெண்களை மீட்டு வாழ்வளிக்கும் இல்லம் அது. அங்கு முன்னாளில் தெருவில் தள்ளப்பட்ட பெண்கள் சிலர் இப்போது நோயாளிகளுக்குத் தொண்டு செய்துகொண்டிருப்பதை ரமாபாய் தம் கண்ணால் கண்டார். கன்னியர் அவர்களை அருவருப்பின்றி அருகில் அமர்த்திப் பேசினர்.

ரமாபாய்க்கு இது முன்பின் அறியாத காட்சி. அவர் படித்த சாத்திரங்களில் அத்தகைய பெண்ணுக்கு விதித்த தண்டனை, ஊர்ப்புறத்தே நாய்களைக் கொண்டு கடிக்கச் செய்து கொல்வது. அப்படிப்பட்டவளைத் தொடுவதும் பாவம் என்று பழகிய உள்ளம் அவருடையது. தீண்டாமை என்னும் தீமை எத்தனை உருவம் எடுக்கும் என்பதை நாம் அறிவோம். பிறப்பைச் சொல்லி ஒருவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்துவதும், பிழையைச் சொல்லி ஒருத்தியை ஊருக்கு வெளியே தள்ளுவதும் ஒரே மரத்தின் கிளைகளே.

கன்னியர் ஏன் இவ்வாறு செய்கின்றனர் என்று ரமாபாய் வினவினார். கன்னியர் ஒருவர், கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசுநாதர் நீர் கேட்டுப் பேசிய வரலாற்றை விவிலியத்திலிருந்து எடுத்துக் காட்டினார். யூதர் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிய இனத்தைச் சேர்ந்தவள் அப்பெண். மேலும் பழிக்கு உள்ளானவள். அவள் கையால் நீர் வாங்கி அருந்தக் கேட்ட ஒருவர் இருந்தார் என்னும் செய்தி ரமாபாயின் உள்ளத்தை அசைத்தது. நீரின் பொருட்டு நம் முன்னோர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு, அந்த அசைவு எளிதில் விளங்கும்.

நெகேமியா கோரே என்னும் மராட்டியக் கிறித்தவ அறிஞரின் எழுத்துகளும் அவர் ஐயம் தீரத் துணை புரிந்தன. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் வாண்டேஜ் கோயிலில் ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

தலைவணங்க மறுத்தது

மகாராட்டிரத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. நேற்றுவரை சரசுவதி எனப் புகழ்ந்தவர்கள் துரோகி என்றனர். அந்நேரத்தில் அவருக்காகப் பேசியவர் மகாத்மா சோதிராவ் புலே. 1885இல் வெளியிட்ட சத்சார் என்னும் சிற்றிதழில் அவர் ரமாபாயின் முடிவை ஆதரித்து எழுதினார். சாத்திரங்களைக் கற்றறிந்த ஒரு பெண்ணே அவற்றின் அநீதியைக் கண்டு விலகினாள் என்றால் அது யாருடைய குற்றம் என்பது புலே அவர்களின் வாதத்தின் உட்பொருள். நம் இயக்கங்களின் மூத்த ஆசான் ஒருவர் இவ்வம்மையாரின் பக்கம் நின்றார் என்பதே இம்மலரில் அவருக்கு இடமளிக்கப் போதுமான சான்று.

ஆனால் மதம் மாறியதோடு அவர் வரலாறு முடிந்துவிடவில்லை. நமக்கு வேண்டிய பாடம் இனிமேல்தான் தொடங்குகிறது.

1884இல் ரமாபாய் செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரிக்குச் சென்றார். தலைமையாசிரியை டாரத்தி பீல் அம்மையாரின் ஆதரவில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றைக் கற்றார், வடமொழி கற்பித்தார். ஞானஸ்நானம் பெற்றவர் இனித் திருச்சபையின் கோட்பாடு அனைத்தையும் வினாவின்றி ஏற்பார் என்று ஜெரால்டின் கன்னியர் எதிர்பார்த்தார். ரமாபாயோ திரித்துவம் முதலிய கோட்பாடுகளைப் பற்றி வினாமேல் வினா எழுப்பிக் கடிதங்கள் எழுதினார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியைப் பெரும்பாடுபட்டு இறக்கி வைத்த தாம், மற்றொரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடிக்குக் கழுத்தை நீட்டப் போவதில்லை என்பதை ஒளிவுமறைவின்றித் தெரிவித்தார். இறைவனின் கட்டளை வேறு, குருமாரின் கட்டளை வேறு என்பது அவர் கொள்கை.

சிறிய செய்திகளிலும் அவர் உறுதி வெளிப்பட்டது. அணியத் தந்த சிலுவையில் இலத்தீன் எழுத்து இருந்தபோது, தமக்கும் தம் மக்களுக்கும் புரியாத மொழி எதற்கு என்று மறுத்து, வடமொழி எழுத்தே வேண்டும் என்றார். ஆண் மாணவர்க்கும் அவர் கற்பிக்கலாம் என்னும் பேச்சு எழுந்தபோது, இந்தியாவில் அவர் மதிப்புக் கெடும் என்று ஆயர்கள் தடுத்தனர். தந்தையும் அண்ணனும் கணவரும் தடுக்காத ஒன்றை, ஆடவர் நிறைந்த அவைகளில் பலமுறை பேசிய தமக்கு, இவர்கள் தடுப்பது ஏன் என்று அவர் வியந்தார்.

முட்டையும் புலாலும் அவர் தொடவில்லை. அது சாதிச் செருக்கு என்று கன்னியர் குறை கூறினர். தம்மிடம் பழைய சாதிப் பழக்கங்கள் முற்றும் நீங்கவில்லை என்பதை ரமாபாய் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தம் முன்னோர் வழக்கத்தை விடுமாறு தம்மை ஒருவர் வற்புறுத்தல் ஆகாது என்றும் கூறினார். இவ்விடத்தில் நாம் இருதரப்பையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சாதியின் வாசம் பெரியோரிடத்தும் எவ்வளவு நாள் ஒட்டியிருக்கும் என்பதற்கு இது சான்று. உதவி செய்தவர் உணவிலும் உடையிலும் கட்டளையிடும் உரிமை பெறுவதில்லை என்பதற்கும் இதுவே சான்று.

இத்தனை வாதத்துக்குப் பின்னும் உறவு முறியவில்லை. ரமாபாய் எழுதிய கடிதங்களை, தம்மைக் கண்டித்து எழுதியவை உட்பட, ஜெரால்டின் கன்னியர் போற்றிப் பாதுகாத்தார். அவர் தொகுத்த அக்கடிதங்கள் 1977இல் நூலாக வெளிவந்தன. ரமாபாயின் உறுதியை இன்று நாம் அறிவதற்கு அவரோடு வாதிட்ட அக்கன்னியரே காரணம்.

தாயகத்தில் செய்த பணி

1886இல் அவர் அமெரிக்கா சென்றார். மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பு விழாவைக் கண்டார். நாடெங்கும் சொற்பொழிவாற்றினார். 1887இல் உயர்சாதி இந்துப் பெண்களின் துயரை விளக்கும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பாஸ்டன் நகரில் அமைந்த ரமாபாய்ச் சங்கம் பத்தாண்டு பொருளுதவி செய்ய முன்வந்தது. அமெரிக்காவைப் பற்றி மராட்டியில் அவர் எழுதிய நூலில், அந்நாட்டின் சிறப்புகளோடு கறுப்பின மக்கள் பட்ட கொடுமையையும் எடுத்துரைத்தார்.

1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதனம் தொடங்கியது. மறு ஆண்டு புனேக்கு மாறியது. தொடக்கத்தில் அது உயர்சாதி இளங்கைம்பெண்களுக்கான விடுதிப் பள்ளி. சாதி ஆசாரங்களுக்கும் அங்கே இடம் இருந்தது. இதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. 1893இல் மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்து, திலகரின் கேசரி இதழ் தாக்கி எழுத, இருபதுக்கு மேற்பட்ட பெண்களைப் பெற்றோர் அழைத்துக்கொண்டனர். அம்மையார் தளரவில்லை.

1896இல் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் பற்றியது. இலை தின்று தாமும் கிடந்த நாள்களை அவர் மறக்கவில்லை. நேரில் சென்று பட்டினியால் சாகவிருந்த பெண்களையும் சிறுமியரையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். புனே அருகே கேட்காவ் என்னும் ஊரில் வாங்கியிருந்த நிலத்தில் முக்தி சதனம் எழுந்தது. பஞ்சம் சாதி பார்த்து வருவதில்லை. எல்லாச் சாதிப் பெண்களும் அங்கே ஒன்றாய் வாழ்ந்தனர். உயர்சாதிக் கைம்பெண்களுக்கு எனத் தொடங்கிய பணி இவ்வாறு அனைவர்க்கும் உரியதாயிற்று. 1900 அளவில் அங்கிருந்தோர் ஏறக்குறைய 2,000 பேர்.

கிறித்தவ சமயப் போதனையோடு எழுத்தறிவும் தொழிலறிவும் அங்கே தரப்பட்டன. நெசவு, தையல், உழவு, பால் பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுத் தொழில் ஆகியவற்றைப் பெண்களே செய்தனர். பார்வையற்றோர்க்குப் புடையெழுத்து முறையில் கல்வி தரப்பட்டது. பஞ்சத்தில் தம் குடும்பம் கைத்தொழில் அறியாமல் மடிந்ததை எண்ணியே உழைப்புக்கு அவர் அத்துணை இடம் தந்தார் என்று நாம் கருதுகிறோம்.

முக்தி சதனத்தில் கிருபா சதனம் என்னும் பிரிவு ஒன்றும் இருந்தது. வழி தவறியவர் என்று ஊர் தள்ளிய பெண்களுக்கான இல்லம் அது. புல்ஹாமில் இளம்பெண்ணாய் நின்று கண்ட காட்சி, மராட்டிய மண்ணில் மராட்டியப் பெண்ணின் கையால் மீண்டும் உருவெடுத்தது.

இறுதி ஆண்டுகளில் விவிலியத்தை எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூலமொழிகளிலிருந்து மராட்டியில் பெயர்த்தார். வடமொழிப் பண்டிதையான அவர், கல்லாத கிராமப் பெண்ணுக்கும் புரிய வேண்டும் என்று வடமொழி மிகாத எளிய நடையை மேற்கொண்டார். 1921இல் அன்பு மகள் மனோரமா மறைந்தார். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அம்மையாரும் மறைந்தார். இந்திய அரசு 1989இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. முக்தி சதனம் இன்றும் பணி செய்து வருகிறது.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த இளைஞர்களே, நம் சமுதாயத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுள் எத்தனையோ பேர் பாதிரிமார் பள்ளியிலும், கன்னியர் விடுதியிலும், அரசு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் உண்டு படித்து உயர்ந்தவர்கள். அவ்வுதவியை மறப்பது நன்றி கொல்லும் செயல். ஆயினும் நன்றி என்பது அறிவை அடகு வைப்பதன்று. சோறிட்டவர் சொல்லுவதெல்லாம் சரி என்று தலையாட்டும் பழக்கம் நம்மிடம் வேரூன்றினால், ஓர் அடிமைத்தனத்திலிருந்து மற்றோர் அடிமைத்தனத்துக்குப் போவோமேயன்றி விடுதலை பெறமாட்டோம். ரமாபாய் கன்னியரிடம் தொண்டைக் கற்றார். தம் தீர்ப்பை மட்டும் அவர்களிடம் ஒப்படைக்கவில்லை. கற்றதைத் தம் மண்ணுக்குக் கொண்டுவந்து, தாமே நிறுவனம் கண்டு, பல்லாயிரவர்க்குப் பயன்படச் செய்தார்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கடல் கடந்த நாட்டில், கணவரை இழந்த இருபத்தைந்து வயதுப் பெண், கையில் குழந்தையோடு படிக்கச் சென்றது 1883இல். இன்று பக்கத்து நகரத்து விடுதியில் மகளைச் சேர்க்கத் தயங்கி, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. அத்தயக்கம் நீங்க வேண்டும்.

பிறர் கட்டிய விடுதியில் படித்தவர்கள் பிறர்க்கு விடுதி கட்டும் நிலைக்கு வர வேண்டும் என்பதற்காகவே சங்கங்கள் தோன்றுகின்றன. பிடியரிசி சேர்த்தும் மாதச் சந்தா செலுத்தியும் இருபத்தைந்து ஆண்டு வளர்த்த நம் சங்கத்தின் அடுத்த பணி, நம் பெண்பிள்ளைகளுக்கு நாமே நடத்தும் ஒரு விடுதியாக இருக்கட்டும். அங்கே வந்து தங்கும் பெண்கள் நம்மிடமும் வினா எழுப்பட்டும். அவர்களுக்கு விடை சொல்லும் பொறுமை நமக்கு வாய்க்குமாயின், பண்டிதை ரமாபாயின் வரலாற்றை இம்மலரில் அச்சிட்டதன் பயன் கைகூடியதாகக் கொள்வோம்.